கட்டுரைக்குள் புகுந்த ஒட்டகம்

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். கட்டுரை எழுதச் சொன்னால் பென்சிலைச் சீவியே பாடவேளையை ஓட்டிவிடுவாள். அவளை இரண்டு வரியாவது எழுத வைக்கத்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். ஜாசின் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் விளையாட்டுப் போட்டியைப் பற்றி இணையத்தில் ஒரே கட்டுரையைச் சேர்ந்து எழுத வேண்டும். எது யாருடைய வரி என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதனால் கூச்சம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். அவளும் தட்டச்சு செய்தாள். என் கண்ணாலேயே பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, பெற்றோர் கைப்பேசியில் செய்தி பகிரும் புலனக் குழுவில் இணைப்பைப் போட்டேன். 'பார்க்க மட்டும்' என்பதை அழுத்த மறந்துவிட்டேன்.

பெயர் பதியாமல் வருபவர்களுக்கு அந்தச் செயலி ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடும். ஓய்வு நேரம் முடிவதற்குள் பதினான்கு மிருகங்கள் உள்ளே வந்துவிட்டன. நம்மவர்களுக்கு எழுத இடம் கிடைத்தால் முதலில் வருவது வரவேற்புரைதானே. "மதிப்பிற்குரிய பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே" என்று ஒட்டகம் ஆரம்பித்தது. கோயில் தலைவர்தான் முதலில் என்று நரி அவரை மேலே ஏற்றியது. ஒட்டகம் இறக்கியது. நரி மறுபடியும் ஏற்றியது. யானை, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரைச் சேர்த்தது. அவர் போட்டிக்கு வரவே இல்லை. சாயங்காலத்திற்குள் கட்டுரையில் முப்பத்தொரு பிரமுகர்கள் இருந்தார்கள், ஓடிய பிள்ளை ஒருவர்கூட இல்லை.

இணைப்பின் கதவை அடைத்துவிட்டு, பிள்ளைகளின் வரிகளை மீட்டு வைத்தேன். மூன்று நாள் கழித்து அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். தானாக வந்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், என் ரெண்டு வரிய மட்டும் காணோம்."

எனக்கு வந்த கோபத்திற்கு அளவில்லை. எந்த மிருகம் தின்றது என்று வகுப்புக்கே காட்டுகிறேன் பார் என்று, அழித்தல் திருத்தல் எல்லாம் பதிவாகியிருக்கும் பக்கத்தைப் பெரிய திரையில் திறந்தேன்.

அவள் வரிகள் இருந்தன. 'நான் கடைசியாக ஓடி வந்தேன். அதற்குள் பரிசு கொடுத்து முடித்துவிட்டார்கள்.' அழித்தவர் என்ற இடத்தில் ஒட்டகம் இல்லை, நரி இல்லை. என் பெயர் இருந்தது. பெற்றோர் பார்க்கப் போகிறார்களே, மங்கலமாக இருக்கட்டும் என்று, இணைப்பை அனுப்புவதற்கு முன் நானே அதைத் துடைத்திருக்கிறேன். துடைத்தது நினைவில்கூட இல்லை.

எனக்குக் கூசிப் போயிற்று. மன்னிச்சிரும்மா என்றேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா அன்னிக்கு ஹேண்ட்போன்ல அதத்தான் நோண்டிக்கிட்டு இருந்தாரு டீச்சர். அவருதான் அழிச்சிட்டாருன்னு மூணு நாளா நான் அவருகிட்ட பேசவே இல்ல."