சாமைக் கொல்லையில கேட்ட பூட்ஸ் சத்தம்

பேய், ஆவி இதெல்லாம் நான் நம்புற ஆளே கெடையாதுங்க. பட்டாளத்துல இருந்தவன், பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து ரொட்டி துன்னவன். சிரிச்சா சிரிங்க, அன்னிக்கு மட்டும் நம்பாம இருக்க முடியல.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துக்கினு இருந்த சமயம். காஷ்மீர்லேர்ந்து லீவுல கச்சிராயபாளையம் வந்திருந்தேன். திரும்பிப் போலாம்னா உளுந்தூர்பேட்டை ரோடு பூரா புளியமரத்த வெட்டிப் போட்டுட்டாங்க, பஸ்ஸே இல்ல. சும்மா வூட்ல கெடக்கறதுக்கு, எங்கூட எல்லையில இருக்கிற மாரியோட அம்மாவப் பாத்து, ஒம் பையன் நல்லாக்கீறான்னு சொல்லிட்டு வரலாம்னு கல்வராயன் மலைக்கு நடந்தே ஏறினேன். மாரிக்கு அப்பா இல்ல, அந்தம்மா ஒண்டிதான்.

எல்லையில நேர் சண்டை இல்லீங்க அப்போ. ரெண்டு நாட்டுக்கிட்டயும் அணுகுண்டு இருக்குதுனு பேச்சு, அதனால பட்டாளம் எதுத்து நிக்காது, அந்தப் பக்கத்துக்காரங்க சீருடை போடாத ஆளுங்கள மலை வழியா உள்ள அனுப்புவாங்க, நாங்க பாறை மறைவுல காத்துக்கினு கெடப்போம். இத எப்பிடி அந்தம்மாகிட்ட சொல்றது? "குளிருதான் கொஞ்சம் ஜாஸ்திம்மா"ன்னேன்.

பட்டப்பகல். அந்தம்மா சாமைக் கொல்லையில கதிர அறுத்துக்கினே பேசிக்கினு இருந்திச்சு. மேகம் எறங்கி கொல்லைய மூடிக்கிச்சு, மலையில அது சகஜந்தான். அப்போ பாத்து அருவாள வுட்டெறிஞ்சிட்டு எழுந்து நின்னு கத்துது பாருங்க: "டேய் மாரி! அங்க நிக்காத! இப்பிடி வாடா!"

"யம்மா, இன்னா ஆச்சு? மாரி காஷ்மீர்ல இல்ல இருக்கான்?"னு கையப் புடிச்சேன். ஐஸ் கட்டி மாதிரி ஜில்லுனு கீது. மேகத்துக்குள்ளேர்ந்து பூட்ஸ் சத்தம். எங்களப் பாத்து ஓடியாருது. நம்புனா நம்புங்க, கிட்ட வந்து நின்னு மூச்சு வாங்குது, அந்தக் காத்து எம் மூஞ்சில படுது, ஆள் இல்ல.

மேகம் வெலகினதும் பாத்தா, சாமப் பயிரு ரெண்டு தடமா மிதிபட்டுக் கெடக்குது. ஒண்ணு அந்தம்மா காலாண்ட வந்து நிக்குது. இன்னொண்ணு கொல்லை நடுவுலயே நின்னுபோச்சு. அந்தம்மா அருவாள எடுத்து மறுபடி அறுக்க ஆரம்பிச்சிடுச்சு.

மறியல் ஓஞ்சு டூட்டிக்குப் போனேன். நான் சொல்றதுக்கு முன்னாடி மாரியே சொல்றான்.

"அண்ணே, காவல்ல இருக்கச்சொல்ல எங்கம்மா கூப்புட்ட மாதிரி இருந்திச்சு. எழுந்து ஓடினேன். நான் குந்தியிருந்த எடத்துல குண்டு வந்து வுழுந்திச்சு."

"தப்பிச்சியேடா!"

"அதில்லண்ணே. பாறைக்கு அந்தாண்ட ஒளிஞ்சிருந்தவனும் எழுந்து ஓடியாந்தான். சின்னப் பையன். துப்பாக்கியக்கூட வுட்டுட்டு வந்தான். நம்ம ஆளுங்க சுட்டுட்டாங்க. 'அம்மீ'ன்னு அவங்கம்மாவக் கூப்புட்டுக்கினே வுழுந்தான்."

என்னிக்குனு கேட்டேன். அதே நாளு.

மாரி உசுரோட ஊர் வந்து சேந்துட்டான். அப்புறம் ஒருக்கா அவனப் பாக்க மலைக்குப் போனேன். அவன் கீழ ஓடையாண்ட மாடு கழுவிக்கினு இருந்தான். "இங்கேர்ந்தே ஒரு கொரலு குடும்மா"ன்னேன். அந்தம்மா மாட்டேன்னுட்டு, மூட்டுவலியோட சரிவுல தானே எறங்க ஆரம்பிச்சிடுச்சு. ஏம்மான்னு கேட்டதுக்கு, திரும்பிப் பாத்து சொன்னத நெனச்சா இன்னிக்கும் எனுக்கு மயிர்க்கூச்செறியுதுங்க.

"கத்திக் கூப்புட்டா ரெண்டு பேரு வராங்க தம்பி."