ஆடாத பல்லும் ஆடுகிற ஈறும்

உங்களில் சிலருக்கு இப்போது பால் பல் ஆடிக்கொண்டிருக்கும். நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்ப்பீர்கள். எனக்கோ, கொஞ்சமும் ஆடாத ஒரு பல்லால் தொந்தரவு வந்தது. அது எப்படி என்று எனக்கே முழுசாக விளங்கவில்லை. விளங்கின மட்டும் சொல்கிறேன்.

கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகிப் பிடுங்கின இடத்தில், சந்தாபுராவில் ஒரு டாக்டரம்மா இம்ப்ளான்ட் வைத்தார். தாடை எலும்புக்குள் சின்னத் திருகாணி, அதன் தலையில் பீங்கான் மாதிரி ஒரு பல். நான் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். திருகாணி விவகாரம் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். உலோகத்துக்கு ஏது சொத்தை? ஆனால் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் பிரஷ் பட்டால் சுருக்கென்று வலித்தது, ரத்தமும் வந்தது. புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆறவில்லை. ரத்தம் கூடிற்று. ஒருநாள் பேசிக்கொண்டிருந்த என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க, வாய்ல எலி ஏதாவது செத்துக் கிடக்குதா?”

பயம் பிடித்துக்கொண்டது. திருகாணி லூசாகிவிட்டது, பல் போகப்போகிறது என்று விரலால் அசைத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. அப்புறம் ஏன் ரத்தம்? டாக்டரம்மாவிடம் போய், “கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க மேடம்” என்றேன்.

அவர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “ஸ்க்ரூ சென்னாகிதே, நல்லா இருக்கு. எலும்பும் நல்லா இருக்கு. ஈறுதான் சரியில்ல அண்ணா” என்றார்.

“ஈறு மேல் தோலுதானே மேடம்? பல்லைப் புடிச்சிக்கினு இருக்கிறது எலும்புதானே?”

“புடிக்கிறது எலும்பு. அந்த எலும்பைக் காக்கிறது ஈறு.”

கையில் கண்ணாடியைக் கொடுத்து, என் கன்னத்தை மெல்ல இழுத்தார். அந்தப் பல்லைச் சுற்றின ஈறும் கன்னத்தோடு சேர்ந்து வந்தது. பக்கத்துப் பல்லின் ஈறு மட்டும் கெட்டியாக நின்றது. சொந்தப் பல்லின் வேரில் ஈறு நார் நாராக ஊன்றிக்கொள்ளுமாம். இம்ப்ளான்ட்டில் அப்படி ஊன்றாது. சுற்றி அணைத்துத்தான் நிற்கும். எனக்கு அங்கே கெட்டி ஈறே இல்லை, கன்னத்து உட்சதை மாதிரி மெல்லிசு. அதனால் பிரஷ் பட்டால் வலி. வலிக்குப் பயந்து விட்டதால் அழுக்கு. இப்படியே விட்டால் அழுக்கு உள்ளே இறங்கி எலும்பு கரையும், பல் போய்விடும் என்றார்.

“ரத்தம் வந்ததால நான் தேய்க்கல. இல்ல, நான் தேய்க்காததால ரத்தம் வந்திச்சா?”

“ரெண்டும்தான்.”

முதலில் சுத்தம் செய்தார். வீக்கம் வடிந்ததும், அண்ணத்திலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து அங்கே தைக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். கீழே இருக்கிற பல்லுக்காக மேலே ஒரு புண்ணா?

“பல்லு போயிடும்ங்கறாங்க இல்ல, போய் தைச்சிக்கினு வாங்க. நாலு நாள் பேச மாட்டீங்க, வூடும் அமைதியா இருக்கும்” என்றாள் மனைவி.

தைத்துக்கொண்டேன். ஆறும் வரை அங்கே பிரஷ் படக் கூடாது என்றார் டாக்டரம்மா. தேய்க்காததால் கெட்டது என்றவரே இப்போது தேய்க்காதே என்கிறார்! சில நாளில் கண்ணாடியில் பார்த்தால், தைத்த தோல் வெளுத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்று முடிவுகட்டி டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

“மேல் தோல் உரியுது அண்ணா, அடியில புதுசு வருது. ரத்தம் வந்தப்ப சும்மா இருந்தீங்க, நல்லா ஆறும்போது ஓடி வர்றீங்களே!”

அவர் சொன்னபடியே அந்த இடம் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாயிற்று. பிறகு ஒருநாள் கன்னத்தை மறுபடி இழுத்துப் பார்த்தார். கன்னம் மட்டும் வந்தது, ஈறு அசையவில்லை. மெத்தென்ற பிரஷ் ஒன்றைக் கொடுத்து, இனி தினமும் தேய்க்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் பயந்து பயந்து அந்தப் பல்லின் ஓரத்தைத் தேய்த்தேன். வலிக்கவில்லை. துப்பிவிட்டு வாஷ்பேசினைப் பார்த்தேன். உடனே மனைவியைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“நுரையக் காட்டவா கூப்ட்டீங்க?”

“ரத்தம் இல்ல, பாரு.”

குனிந்து நன்றாகப் பார்த்தாள். “அப்ப பல்லு நிக்குமா?”

“தேய்ச்சிக்கினே இருந்தா நிக்குமாம்.”

“அப்ப தேய்ங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.