மேப்பிள் மரத்துக்குக் கட்டிய பூளைப்பூக் காப்பு

1. மொட்டை

துரைசானியம்மா கிறிஸ்துமஸுக்குக் கொடைக்கானல் போயிருந்த சமயம். அவர் என் பொறுப்பில் விட்டுப்போன மரம் ஓர் இலை பாக்கியில்லாமல் கொட்டிப்போய் வெறும் குச்சியாக நின்றது. இன்றைக்குத் தோட்ட வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படித்தால் சிரிக்கலாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. விடிந்ததும் குன்றத்து முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அந்த மரத்துப் பக்கம் போவேன்.

பழங்காநத்தம் தாண்டித் திருப்பரங்குன்றம் போகிற பாதையில் நூல் மில் மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. 1930-களில் நான் அங்கே இரண்டாவது தோட்டக்காரன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. காம்பவுண்டுக்குள்ளேயே ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரி பேச்சி கைக்குழந்தையோடு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். வேலை போனால் வீடும் போகும்.

எனக்கு மேலே முத்திருளண்ணன். ரோஜா ஒட்டுக் கட்டுவதில் அவர் கை ராசியான கை. ஆனால் இந்த மரம் அவருக்கும் புதிது. ஆடி மாதம் கொடைக்கானலிலிருந்து, வேர்மண் உதிராமல் சாக்கில் கட்டி, லாரியில் இறக்கிய கன்று. பெயர் மேப்பிள். விரித்த கை மாதிரி இலை. துரைசானியம்மாவின் சீமையில் தெருவுக்குத் தெரு நிற்குமாம்.

அதற்குச் செய்த பணிவிடை கொஞ்சமா? வாசலை ஒட்டி, வெயில் நேரே படாத வடபக்கமாகக் குழி எடுத்தோம். நம் களிமண் ஆகாது என்று இலைமக்கும் மணலும் கலந்து பொலபொலவென்று நிரப்பினோம். வேர் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மேலே கீற்றுப் பந்தல், அடியில் வைக்கோல் மூடாக்கு. விசிறி ஒன்றுதான் பாக்கி என்று முத்திருளண்ணன் கேலி செய்வார்.

அதே காம்பவுண்டில் சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால், செங்கல் உடைசல் கொட்டிய மேட்டில், பூளைச்செடி மண்டிக் கிடந்தது. விதைத்தவர் இல்லை, தண்ணீர் ஊற்றியவர் இல்லை. ஐப்பசி மழைக்குத் தானாக முளைத்து, மார்கழி வெயிலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டி, கூரையிலும் கிணற்றடியிலும் தொழுவத்திலும் செருகுவோமே, அந்தக் காப்புக்கு வேண்டிய பூ.

கொடைக்கானலுக்குக் கிளம்பும்போது துரைசானியம்மா இரண்டு உத்தரவு போட்டார். மரத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். குசினிப் பின்பக்கத்துக் களையை அவர் திரும்பி வருவதற்குள் வெட்டிவிட வேண்டும்.

களை வெட்டுவது ஒரு காலை வேலைதான். பேச்சிதான் தடுத்தாள். காப்புக் கட்டுக்குப் பூ வேண்டாமா என்றாள். சரி, அதுவரைக்கும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2. காப்புக் கட்டு

பொங்கலுக்கு முதல் நாள் காலை முத்திருளண்ணன் மம்பட்டியோடு வந்து மரத்தடியில் நின்றார்.

"இது செத்துப்போச்சு தம்பி. பொங்கலும் அதுவுமா வாசல்ல மொட்டக்குச்சி நிக்கலாமா? புடுங்கிப்புட்டு ஒரு குரோட்டன்ஸ வச்சிருவோம்."

"அவுக வந்து பாக்கட்டுமேண்ணே."

"எதப் பாக்க? நம்ம மூஞ்சியவா? இந்தக் குச்சியப் பாத்தா ரெண்டு பேரையும் சேத்து வெளிய அனுப்பிருவாக."

அவர் சொன்னதில் தப்பில்லை. நம் பக்கத்தில் தண்ணீர் குறையாமல் ஊற்றியும் ஒரு கன்று அடியோடு இலை உதிர்த்தால் அதற்கு வேறென்ன அர்த்தம்? அவர் குரோட்டன்ஸ் தொட்டி எடுத்துவரக் கொட்டகைக்குப் போனார். நான் மம்பட்டியைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த நேரம் பேச்சி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் காப்புக் கொத்துகள். எங்கள் வீட்டுக் கூரை இறவாணம், கிணறு, பசுத் தொழுவம், கத்தரிப் பாத்தி என்று வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தவள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மேப்பிள் குச்சியிலும் ஒரு கொத்தைக் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"என்ன பிள்ள பண்ற?"

"நீங்க தண்ணி ஊத்துற எல்லாத்துக்கும் கட்டிட்டேன். இத மட்டும் விட்டா முருகன் கேக்க மாட்டாரா?"

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த முத்திருளண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏந்தாயி, செத்ததுக்கெல்லாமா காப்புக் கட்டுவாக?"

"செத்துருச்சுன்னு ஆருண்ணே சொன்னது? எல உதுந்துருக்கு. அம்புட்டுத்தான?"

அண்ணன் கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொங்கல் கழியுமுன் காப்பில் கை வைக்கிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. தொட்டியைக் கீழே வைத்தார்.

"கட்டுனத அவுக்குற பாவம் எனக்கு எதுக்கு? பொங்கல் கழியட்டும்."

மாட்டுப்பொங்கலன்று துரைசானியம்மா வந்து இறங்கினார். நேரே மரத்துக்குத்தான் போனார். நாங்கள் மூவரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒதுங்கி நின்றோம். அவர் குச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏன் இப்படி நிக்குது எல்லாரும்? மரம் தூங்குது. குளிர்ல எல்லா இலையும் போட்டு தூங்கும். பாரு."

குச்சி நுனியில் அரிசி மாதிரி இறுக மூடிய மொட்டுகள் இருந்தன. நான் தினமும் பார்த்த குச்சிதான், அந்த மொட்டு என் கண்ணில் படவே இல்லை. முருகா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு துரைசானியம்மா அந்தக் கொத்தைத் தொட்டு, இது என்ன பூ என்று கேட்டார். முத்திருளண்ணன்தான் சொன்னார்.

"நீங்க வெட்டச் சொன்ன களதாம்மா."

காப்பு எதற்கென்று பேச்சி சொன்னதும் துரைசானியம்மாவின் முகம் வெட்கத்தில் சிவந்துவிட்டது. குசினிப் பின்பக்கம் போய் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அதை வெட்ட வேண்டாம் என்று சொன்னார். மரம் தூங்கும் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என அவருக்குத் தோன்றவில்லை. அது களையில்லை என்று அவரிடம் சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை.

3. அதது கேட்பது

மாசியில் மேப்பிள் துளிர்த்தது. ஆனால் பாதிக் கிளைதான் கண் விட்டது. சித்திரை வந்ததும் இலை ஓரமெல்லாம் கருகின அப்பளம் மாதிரி சுருண்டது. மண், நிழல், தண்ணீர் எல்லாம் கொடுத்தோம். நன்றாகத் தூங்கி எழக் குளிர் வேண்டும், அதை மதுரையில் யார் கொடுக்க முடியும்? கொடைக்கானலில் இருக்கும் தன் சிநேகிதி பங்களாவுக்கு அதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று துரைசானியம்மாவே சொன்னார். வந்த மாதிரியே சாக்கில் கட்டி நான்தான் லாரியில் ஏற்றினேன்.

அடுத்த மழைக்குத் துரைசானியம்மா பூளைச்செடி ஒன்றைத் தொட்டியில் வைத்து வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னார். மேப்பிளுக்குப் பழகின கையல்லவா, எருவும் தண்ணீருமாகக் கவனித்தேன். நிழலில் தளதளவென்று நீண்டு வளர்ந்தது, பூக்காமலே வேர் அழுகிப் படுத்துவிட்டது. செங்கல் மேட்டில் இருந்தவை எப்போதும் போல வெள்ளையாகப் பூத்தன. மரமோ செடியோ, அது பிறந்த மண் அதற்கு என்ன கொடுத்தது என்று கேட்டுக்கொண்டு பிறகு கை வைக்க வேண்டும். நான் கற்ற தொழில் இவ்வளவுதான்.

அந்த மார்கழியில் கொடைக்கானல் லாரி டிரைவர் ஒரு சேதி கொண்டுவந்தார். சிநேகிதி பங்களாவுக்குப் புதிதாகப் போயிருக்கிற தோட்டக்காரர் நம் மதுரைப் பக்கத்து வாடிப்பட்டிக்காரராம். மதுரையிலிருந்து வந்த மரம் அடியோடு இலை உதிர்த்துவிட்டது, துரைசானி கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்.

அதைவிட நல்ல சேதி எனக்கு அந்த வருஷம் வரவில்லை.

"நல்லாத் தூங்குதுன்னு சொல்லுங்க. எழுப்ப வேணாம்."

லாரி கிளம்பும்போது பேச்சி ஓடிவந்து, ஈரச்சாக்கில் சுற்றிய பூளைப்பூக் கொத்து ஒன்றை டிரைவரிடம் நீட்டினாள்.

"இது எதுக்குத் தாயி?"

"பொங்கலுக்கு மொத நாள் அந்த மரத்துல கட்டச் சொல்லுங்கண்ணே. அப்பறம் மம்பட்டியோட எவரும் கிட்ட வரமாட்டாக."