ஒரு செருப்பளவு உள்ளே

அம்மா எங்கே நின்றாலும் காலை அகட்டித்தான் நிற்பாள். பாத்திரம் துலக்கும்போதும் சரி, பல் விளக்கும்போதும் சரி, தரை எந்த நொடியும் நழுவிவிடும் என்பதுபோல ஒரு நிற்பு. மகளின் பட்டமளிப்புப் படத்தில்கூட அப்படித்தான் நின்றாள். அப்பாவின் பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. "பாதிப் புருஷனை வெச்சுத்தான் குடும்பம் நடத்துறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் அந்தப் படத்தைக் காட்டுவார்.

அம்மா நகரப் பேருந்தில் நடத்துநர். பையும் டிக்கெட் மெஷினும் போக, கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமில்லாமல், ஆடும் தரைமேல் பாதி ஆயுளை நின்றே கழித்தவள். முழங்கால் வலி என்று போனபோது மருத்துவர் கால்களுக்கு வலு ஏற்றச் சொன்னார். டிப்போவுக்கு எதிரே, டயர்க் கடை மாடியில் இருந்த ஜிம்முக்குப் போனாள். வலி விட்டது, ஜிம் விடவில்லை. எடைப் பிளேட்டுகள் மாட்டிய இரும்பு பாரைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் அவளைப் பிடித்துக்கொண்டது.

மகளுக்கு இது விளங்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். வேலை தேடித் தேடி, தன்னால் எதுதான் முடியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற ஒருத்தி, இன்னும் எடையை ஏன் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்?

பார் கனத்ததும் அம்மாவின் பாதங்கள் தாமாக விலகும். அந்த அகலத்தில் இடுப்பு பாதியிலேயே முட்டிக்கொள்ளும், தொடை முழங்காலுக்குக் கீழே இறங்காது.

"காலை உள்ள கொண்டு வாங்கக்கா. தொடை கெண்டைக்கால்ல போய் உக்காரணும். அதுதான் உங்களைத் திருப்பி மேல தள்ளும்" என்று ஜிம் மாஸ்டர் தொண்டை வற்றச் சொல்வார்.

வெறும் பாரில் அம்மா பந்துபோல எழும்பிக் காட்டுவாள். எடை ஏறினால் பழைய நிற்புதான்.

"மனசு கேக்குது மாஸ்டர், காலு கேக்கல. கீழ போகும்போது டிரைவர் பிரேக் போட்டா என்ன பண்றதுன்னு யோசிக்குது" என்பாள். வீட்டில் மகளிடமும் இதையே சொல்வாள்.

மூத்த பெண்களுக்கான ஸ்குவாட் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று அம்மாவுக்கு டூட்டி. 'குட்டை' என்று டிப்போவே கூப்பிடும் இன்னொரு நடத்துநர் தன் விடுமுறையை விட்டுக்கொடுத்து அந்த டூட்டியை ஏற்றுக்கொண்டாள்.

"என் ஞாயித்துக்கிழமைய உன்ன நம்பித் தர்றேன்க்கா. திருப்பிக் குடுத்துடணும்."

"அடுத்த வாரமே எடுத்துக்கோடி."

போட்டியில் மூன்று முயற்சிகள். ஒன்றுகூடத் தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். முதல் முயற்சி, நடுவர்களின் சிவப்பு விளக்கு. இரண்டாவதும் சிவப்பு. இரண்டு முறையும் எடையோடு எழுந்துதான் நின்றாள். ஆழம்தான் போதவில்லை.

மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா வாங்கி, திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"குட்டை இந்நேரம் கூட்டத்துல நசுங்கிட்டிருப்பா. நான் இங்க வந்து பாதி பாதியா உக்காந்துட்டிருக்கேன்" என்றாள் அம்மா.

நாற்காலியில் இருந்தபோதும் அவள் பாதங்கள் அகன்றே ஊன்றியிருந்தன. மகள் அவற்றையே பார்த்தாள்.

"அம்மா, பஸ் நின்னுடுச்சு."

அம்மா நிமிர்ந்தாள். "எந்த ஸ்டாப்பு?"

"டிப்போ. எல்லாரும் இறங்கியாச்சு."

அம்மா சிரிக்கவில்லை. பெயரை அழைத்ததும் போனாள். பாரைத் தோளில் வாங்கி ஓரடி பின்னால் வந்தவள், வலது பாதத்தை ஒரு செருப்பளவு உள்ளே நகர்த்தினாள். பிறகு இடது பாதத்தை. வீட்டில், தெருவில், படத்தில், எங்கும் மகள் காணாத ஓர் அம்மா அங்கே நின்றாள்.

இறங்கினாள். வழக்கமாக நின்றுவிடும் இடம் வந்தது, போனது. இன்னும் இறங்கினாள். அங்கே ஒரு பள்ளம் இத்தனை நாள் அவளுக்காகக் காத்திருந்தது போலிருந்தது. தொடை கெண்டைக்காலில் அமர்ந்தது, பிளேட்டுகள் ஒருமுறை கிணீரென்று ஒலித்தன. அடுத்த கணம் அந்த அடியாழமே அவளை மேலே தள்ளிவிட்டது. நடுவில் பார் தயங்கியது. முழங்கால்கள் நடுங்கின, பாதங்கள் அசையவில்லை. எழுந்து நின்றாள்.

நடுவர்களின் மூன்று விளக்குகளும் வெள்ளை. தேறிவிட்டாள்.

மகள் கைதட்ட மறந்து போனாள். இந்த உடம்பிலிருந்துதான் நான் வந்தேனா என்று மட்டும் தோன்றியது. மேடையில் சிந்தியிருந்த, பிடி வழுக்காமல் கையில் பூசும் வெள்ளைப் பொடியில் இரண்டு பாதத் தடங்கள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. அடுத்த போட்டியாளர் அவற்றை மிதித்து அழிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

குட்டை அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பி வாங்கவேயில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம், "இருக்கட்டும்க்கா, எனக்கும் ஒரு நாள் வரும்" என்பாள். அம்மா பணி ஓய்வு பெற்ற அன்று மெஷினை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது, குட்டை ஓடும் பேருந்தின் படியிலிருந்து கத்தினாள்: "அக்கா, என் ஞாயித்துக்கிழமை?"

இப்போது அம்மாவுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். குட்டைக்குக் கொடுக்கிற மாதிரி ஒன்றுகூட அவளிடம் இல்லை.