பேரனுக்குத் தைத்த ஒட்டுப்போர்வை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் பெங்களூரில், தொம்மலூரில் குடியிருந்தோம். என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

பெங்களூர்க் குளிருக்குக் கடைக் கம்பளி குழந்தையை உறுத்தும், பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைதான் சரி என்றாள் என் மனைவி. அவளுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கக்கூட முடியாது. தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "நான் தைக்கிறேன், நீ சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டேன்.

டிரங்குப் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அவள் துண்டு போட்டுக் கொடுத்தாள். நான் ஸ்கேல் வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்துத் தைத்தேன்.

"ஏங்க, கோடு நேரா வந்தா போதுமா? முடிச்சை உள்ள தள்ளுங்க, குழந்தையக் குத்தும்."

"அப்பா, இது போர்வையா பிளூபிரிண்ட்டா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் மகள்.

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா வந்து தடவிப் பார்த்துவிட்டு, "கௌதி தும்ப சென்னாகிதே! போர்வை ரொம்ப நல்லா இருக்கு. எங்க வீட்டு யஜமானருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பூச்சி அரிக்காமல் இருக்கப் போர்வையின் மடிப்பில் காய்ந்த வேப்பிலை வைக்கலாம் என்றாள் மனைவி. இலை கறை பிடிக்கும், இது என்ன பத்தாம்பசலி யோசனை என்று நான் கேலி செய்தேன். ஒரு நாள் மத்தியானம் அவள் தூங்கும்போது, பெட்டியில் கிடந்த அந்துருண்டைகளைத் தாளில் மடித்து, சுத்தியால் நசுக்கிப் பொடியாக்கினேன். போர்வையின் நடு அடுக்குகளுக்குள் தூவி, மேலே தையல் போட்டு மூடிவிட்டேன். இனி எந்தப் பூச்சியும் அண்டாது என்று எனக்கு ஒரே பெருமை. அவளிடம் சொல்லவில்லை. "என்னங்க இது, இவ்வளவு வாசனை?" என்று அவள் கேட்டபோது, "பெட்டி வாசனை, போயிடும்" என்றேன்.

பேரன் பிறந்தான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் போர்வையில்தான் தூங்கினான். சில நாளில் உடம்பு மஞ்சளாகத் தெரிந்தது. பிறந்த குழந்தைக்கு இது சகஜம், இளவெயிலில் காட்டுங்கள் என்றார்கள் பார்க்க வந்தவர்கள். காட்டினோம். காட்டிவிட்டு, அதே போர்வையில் சுற்றி உள்ளே கொண்டுபோனோம்.

ஒரு காலை அவன் பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. நனைந்த துணியைப் பார்த்து மகள் அலறினாள். சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, உடனே குழந்தையின் ரத்தத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். கையளவு குழந்தைக்கு ரத்தத்தை மாற்றுவதா? மகள் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓசூரிலிருந்து மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவும் ஓடி வந்தார்கள்.

ரத்தம் மாற்றி முடித்ததும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். "சில குழந்தைகளோட ரத்தத்துல ஒரு சத்து பிறவியிலேயே கம்மி. சில பொருள் பட்டாலே ரத்த அணுவெல்லாம் உடைஞ்சுபோகும். பாப்பா துணியில நாப்தலின், அதான் அந்துருண்டை, போட்டு வெச்சிருந்தீங்களா?"

சுத்தியால் நசுக்கிய அந்த மத்தியானம் என் கண் முன்னால் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மனைவி சொன்னாள்: "புடவையெல்லாம் அந்துருண்டை போட்ட பெட்டியில இருந்ததுதான் டாக்டர். வெயில்ல போட்டுத்தான் எடுத்தேன். பத்தல போலிருக்கு."

"எல்லாத்தையும் நல்லா துவைச்சு, காயவெச்சு, வாசனை துளிகூட இல்லாம போனப்புறம்தான் குழந்தைகிட்ட கொண்டுவரணும். இன்னொரு தடவை பட்டா தாங்காது."

வெளியே வந்ததும் சம்பந்தி அம்மா என் மனைவியிடம், "உங்களை நம்பித்தானேம்மா அனுப்பி வெச்சோம்? பழந்துணியில சுத்தி இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். அவள் தலை குனிந்து நின்றாள். பக்கத்தில்தான் நான் நின்றேன்.

அன்று முழுவதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துவைத்தால் பொடி கரைந்துவிடாதா? இனி அந்தப் போர்வையை யார் எடுக்கப் போகிறார்கள்? படித்தவன் கண்டுபிடிக்கும் சமாதானங்களுக்குக் குறைவே இல்லை.

குழந்தை தேறி, மஞ்சள் இறங்குவதற்காக வைத்திருந்த விளக்குப் பெட்டியிலிருந்து வெளியே வரும் நாள். நர்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி பையைத் திறந்தாள். உள்ளே இருந்து அந்தப் போர்வை வந்தது. வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, சாம்பிராணிப் புகை காட்டியிருந்தாள். சாம்பிராணி மணத்தில் வேறு எந்த வாசனையும் தெரியவில்லை. மகள் அதை மடியில் விரித்துக் கையை நீட்டினாள்.

நான் பாய்ந்து போர்வையைப் பிடுங்கினேன். "வேண்டாம்! உள்ளே பொடி இருக்கு. அந்துருண்டைப் பொடி. நான்தான் போட்டேன்."

மனைவி போர்வையை என் கையிலிருந்து வாங்கினாள். ஓரத்துத் தையலைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் கிழித்தாள். துவைத்ததில் கட்டிதட்டிப்போன பொடி வெள்ளைக் கட்டிகளாகப் பெஞ்சிலும் தரையிலும் உதிர்ந்தது. சாம்பிராணியை அமுக்கிக்கொண்டு அந்த நெடி எழும்பியது. நர்ஸ் குழந்தையோடு பின்னால் நகர்ந்து கதவை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு நிமிஷம் கழிந்திருந்தால் அவன் இதற்குள் கிடந்திருப்பான்.

சம்பந்தி அம்மாதான் முதலில் பேசினார். "நல்லவேளை, இப்பவாவது உங்களுக்கு ஞாபகம் வந்துச்சே சம்பந்தி. கடவுள்தான் ஞாபகப்படுத்தியிருக்காரு." மாப்பிள்ளை என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மகள் என் கையைப் பிடித்து அழுதாள். நான் மறுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் மனைவி ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "டாக்டரம்மா கேட்டப்பவே உங்க முகம் மாறிச்சு. பயத்துல அப்படி இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு, அவள் காலம் முடியும் வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பேரன் நன்றாக வளர்ந்தான். இப்போது வேலைக்குப் போகிறான். எந்த மருந்து ஆகாது என்று டாக்டர்களுக்கே சொல்லும் அளவுக்கு விவரம் தெரிந்தவன். தாத்தா கடைசி நொடியில் ஞாபகம் வந்து காப்பாற்றிய கதையைச் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்கிறான்.

இதை என் மகள் படிப்பாள். பொடியைத் தூவியது அறியாமல் செய்தது, அதற்கு எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். ஆனால் எனக்கு அன்று எதுவும் மறந்திருக்கவில்லை மகளே, உன் தாய் தலை குனிந்து நின்றபோதும் எனக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்தது.