பச்சை மூஞ்சி, சிவப்பு மூஞ்சி

போன வாரம் குன்னூரில் ரொட்டி வாங்கப் போன கடையில், பில் போட்ட பெண் ஒரு சின்ன மெஷினை என் பக்கம் திருப்பினாள். சிரிக்கிற பச்சை மூஞ்சி, உம்மென்றிருக்கும் மஞ்சள் மூஞ்சி, கோபித்துக்கொண்ட சிவப்பு மூஞ்சி. "ஏதாச்சும் ஒன்ன அமுக்கிட்டுப் போங்க சார்" என்றாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் வேலை பார்த்தபோது இதே சனியன் எங்களுக்கும் வந்தது. தொழிலாளிகளுக்கு உற்சாகம் குறைந்துவிட்டதாம். மழைக்கு முன் கொடுக்க வேண்டிய கம்பளியை அந்த வருஷம் கொடுக்கவில்லை. அதைப் பற்றி மேலே இருப்பவர்கள் மூச்சு விடவில்லை. பதிலுக்கு மஞ்சள் டீ-ஷர்ட் வந்தது, நெஞ்சில் 'நான் மகிழ்ச்சி' என்று எழுதி. சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு சாரலில் நடுங்கி நின்ற பெண்களைக் கைதட்டச் சொன்னார்கள். முன்னால் நின்று தட்டிக் காட்டியவன் யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். கோயமுத்தூரில் இரண்டு நாள் பயிற்சி, மதியம் பிரியாணி. குறையைச் சொன்னால் நிர்வாகம் தீர்த்துவைக்கும் என்று அங்கே சொன்னதை அப்படியே நம்பிவிட்டு வந்த மடையன்.

இலை எடை போடும் கொட்டகையில் மெஷினை வைத்தோம். "பேரெல்லாம் வராதுங்க. மனசுல பட்டத அமுக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன். எல்லாரும் பச்சையை அமுக்கினார்கள். புஷ்பம் மட்டும் யோசித்து நின்றாள். சிலோனிலிருந்து வந்த குடும்பம். பல வருஷமாக டெம்பரவரி. அந்த மாதம் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. நிரந்தரமானால்தான் எஸ்டேட் கொடுத்திருக்கிற லைன் வீடு அவளுக்கு நிலைக்கும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான்.

"இந்த சட்ட குளிரு தாங்கல தம்பி. கம்பளி எங்க?" என்று கேட்டுக்கொண்டே சிவப்பை அமுக்கினாள்.

சாயங்காலம் மேனேஜர் மெஷினைப் பார்த்தார். "ஒரே ஒரு ரெட். யாருப்பா அது?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கம்பளி வந்துவிடும் என்ற சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். பெயரை மட்டுமா? அவள் கேட்டதையும் ஒரு எழுத்து விடாமல். அவர் சிரித்தபடியே பட்டியலை எடுத்து அவள் பெயரின் மேல் கோடு கிழித்தார். "இவங்களுக்கு ஆர்வம் பத்தல" என்றார். நான் என்ன செய்தேன்? "சரிங்க சார்" என்றேன். அந்த நாக்கை இன்றைக்கும் அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

வீட்டைக் காலி செய்த அன்று புஷ்பம் சாவியைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தாள். "பேரு வராதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கூடலூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

அடுத்த மாதம் முழுக்கப் பச்சை. உற்சாகத்துக்காக எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். முன்பெல்லாம் காலையில் பேர் கூப்பிடும்போது அந்தப் பெண்கள் போடும் சத்தத்தில் காது கிழியும். குடிதண்ணீர் கலங்கல், அட்டைக் கடிக்கு மருந்தில்லை, மேஸ்திரிக்கு வாய் சரியில்லை என்று மேனேஜரையே நிறுத்தி வைத்துச் சண்டை போடுவார்கள். அந்தச் சத்தம் அடியோடு போயிற்று.

இன்னமும் அங்கே கொழுந்து பறிக்கிற ஒருத்தியைப் போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். "இந்த வருஷமாச்சும் கம்பளி குடுத்தாங்களாக்கா?" என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஈரச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நல்லா இருக்கோமுங்க சார்" என்றாள்.