பகோக்கு மணலில் சாயாத சைமன்

சைமனின் மூக்கைப் பார்த்துச் சிரிக்காத ஆள் ரங்கூன் க்யிம்யிண்டைங் ஜெட்டியில் இல்லை. மாதம் ஒரு தடவை கருப்பட்டி ஏற்றிய சரக்குப் படகோடு வருவான். வண்டிச் சக்கரம் ஏறி இறங்கினதுபோல மூக்கு முகத்தோடு ஒட்டிக் கிடக்கும். சிரிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் துரைசாமி படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இதே ஜெட்டியில் தலைச்சுமையில் தொடங்கி இன்று சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். நான் சொன்னால் அது நடந்ததுதான்.

சைமன் ரங்கூனை ஒட்டிய இன்சீன் பையன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். இவனுக்கு நாற்காலி ஒத்துவராமல் என்னிடம் மூட்டை தூக்க வந்தான். வந்த வாரமே அவனைச் சீண்டிய இரண்டு பேருடைய பற்கள் ஜெட்டிப் பலகையில் கிடந்தன. அந்தக் கையைப் பார்த்து லெத்வே கோதாவில் இறக்கிவிட்டவன் நான். லெத்வே எங்கள் நாட்டுச் சண்டை. கையில் உறை கிடையாது, துணிச்சுற்று மட்டும். முஷ்டி, முழங்கை, முழங்கால், தலைமுட்டு எல்லாம் செல்லும். புள்ளிக் கணக்கு இல்லை. ஒருவன் விழ வேண்டும்; ஐந்து சுற்றும் முடிய இருவரும் நின்றால் சமம்.

கருப்பட்டி வாங்க அவனைப் பகோக்குவுக்கு அனுப்பினேன். ஐராவதிக் கரையில் நடுத்தரமான ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை, பனைக்கடியில் கள்ளுக்கடை. காலைக் கள் இனிக்கும், மத்தியானக் கள் புளிக்கும், சாயங்காலக் கள் ஆளை அடிக்கும். ஒரு வாரம் என்று போனவன் மழை முடிந்தும் திரும்பவில்லை.

"இந்த ஊரு புடிச்சுப் போச்சுண்ணே" என்றான் போனில்.

"கள்ளு ஊத்துறவ பேரு என்னடா?"

"ராதாமணி."

அவளுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனான். அவன் விட்டுப்போன பனந்தோப்புதான் அவளுக்குச் சோறு. அந்தத் தோப்பின்மேல் புருஷனுடைய தம்பி கோ நைங்குக்குக் கண். கள் இறக்க ஏறியவனை ஏணியோடு பிடித்து இழுத்து இடுப்பை ஒடித்தான். கலயங்களை உடைத்தான். தடுக்கப்போன ராதாமணியின் முகத்தை மண்ணில் வைத்துத் தேய்த்தான். அன்றைக்குச் சைமன் அவனைத் தூக்கிக் கள்ளுப் பானைகளின்மேல் போட்டான்.

கள்ளும் ரத்தமும் சொட்ட எழுந்த கோ நைங், கடை நிறையக் கூட்டம் பார்த்திருக்க, இடது கையை மடக்கி அதன்மேல் வலது கையால் ஓங்கித் தட்டினான். லெத்வேக்காரன் சவால் விடுவது அப்படித்தான்.

"புத்தர் கோயில் திருவிழாவுக்குக் கோதாவுக்கு வாடா, ரங்கூன்காரா! உன்ன மணல்ல சாய்ச்சா தோப்பு எனக்கு. சாய்க்கலன்னா அந்தத் தோப்பு நிழல்லகூட நிக்கமாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க!"

சைமன் ராதாமணியைப் பார்த்தான். "தோப்பு உன்னுது. நீ சொல்லு."

"அவன் வாயாலேயே சொல்லிட்டான்ல? போ" என்றாள் அவள்.

செய்தி வந்ததும் பஸ் ஏறினேன். நான் பக்கத்தில் இல்லாமல் அவன் கோதாவில் இறங்குவதா?

மேளம் முழங்க ஆரம்பித்ததுமே கோ நைங் தலையால் முட்டினான். கரும்பை ஒடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. மூக்கு போயிற்று. அடுத்த சுற்றில் விலாவில் முழங்கால். மூன்றாவதில் சைமனின் முழங்கை எழுந்து கோ நைங்கின் புருவத்தைப் பிளந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"அதே எடத்துல போடுடா! கண்ண மறைக்கட்டும்!"

இடைவேளையில் சைமன் ரத்தத்தைத் துப்பினான். "அண்ணே, அவன நான் சாய்க்க வேணாம். நான் சாயாம இருந்தாப் போதும்."

"ரங்கூன் மானம் போகுதுடா, மடையா!"

"தோப்பு போகாதுல்ல?"

நான்காவது சுற்றில் தாடையில் விழுந்த குத்தில் சைமன் மரம்போலக் குப்புற விழுந்தான். லெத்வேயில் ஒரு சலுகை உண்டு. மயங்கியவனுக்காக அவனுடைய ஆள் ஒரே ஒரு தடவை இரண்டு நிமிஷம் கேட்கலாம்; அதற்குள் எழுந்தால் விழுந்த கணக்கில்லை. கடைசிச் சுற்றில் அதுவும் கிடையாது. நான் துண்டை ஆட்டிக் கேட்டேன். தண்ணீரைக் கொட்டினேன், காதைக் கசக்கினேன், கடித்தும் பார்த்தேன். அசையவில்லை. ராதாமணி கயிற்றுக்குள் புகுந்து அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"எந்திரிடா சைமன்! நாளைக்கு மரம் ஏற ஆளில்ல!"

ஒரு கண் திறந்தது.

ஐந்தாவது சுற்றை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கோ நைங் உலக்கைபோல இடித்தான். சைமன் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு முழங்கைகளையும் முகத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றான். கோ நைங்கின் முஷ்டி அந்த எலும்பிலேயே மோதி மோதி உடைந்தது. மணி அடிக்கிறவரைக்கும் சைமனின் கால் மடங்கவில்லை. நடுவர் இருவருடைய கையையும் தூக்கினார்.

நான் துண்டை மணலில் அடித்தேன். "சமமா? இதுக்கா விடிய விடிய பஸ்ஸுல வந்தேன்?"

ராதாமணி பாளை சீவும் கத்தியை இடுப்பில் செருகியபடியே கோ நைங் முன்னால் போய் நின்றாள்.

"சாய்ச்சியா?"

அவன் உடைந்த கையின் துணிச்சுற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"இத்தன பேரு முன்னால கேக்குறேன். சாய்ச்சியா, இல்லையா?"

அவன் உடையாத கையை ஓங்கினான். அவள் கத்தியை உருவுவதற்குள் நாலா பக்கமிருந்தும் கள்ளு மொந்தைகள் பறந்தன. மணி அடித்த பிறகு கை ஓங்கினவனை லெத்வே பார்க்கிற கூட்டம் விடாது. ஒரு மொந்தை அவன் மண்டையைப் பிளந்தது. கீழே விழுந்தவனைப் பனையேறிகள் காலைப் பிடித்து ஆற்றுமணல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அந்தத் தோப்புப் பக்கம் அவன் தலை தெரியவில்லை.

சைமன் இன்று பகோக்குக்காரன். ராதாமணிதான் பெண்டாட்டி. காலையில் மரம் ஏறுகிறான், சாயங்காலம் கள் ஊற்றுகிறான். போன தடவை படகில் வந்தபோது, "திரும்பி வந்துடுடா, உன்ன மேஸ்திரி ஆக்குறேன்" என்றேன்.

"தோப்ப யாருண்ணே பாத்துக்குவா?" என்று அந்தச் சப்பை மூக்காலேயே சிரித்தான்.

அந்த மூக்கை மணலிலிருந்து தூக்கி நிறுத்தியவன் நான். அதனால் சிரிக்கிறவர்கள் என் முன்னால் சிரிக்க வேண்டாம். வயதானாலும் கை இன்னும் ஓய்ந்துவிடவில்லை.